கதவுக்கு அப்பால் கேட்ட அலறல்: இரத்தக் காட்டேறிக் கதைகள் யாரைக் கணக்கில் எடுக்கின்றன?

ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' நாவல் வரிசையில் இரண்டாவதான 'நியூ மூன்' 2006இல் வெளிவந்தது. அதில் இத்தாலியின் வொல்டெரா நகரில் நடக்கும் ஒரு காட்சி இருக்கிறது. நாயகி பெல்லா தன் காதலன் எட்வேர்ட்டை மீட்டுக்கொண்டு, அங்குள்ள காட்டேறிகளின் மாளிகையிலிருந்து வெளியேறுகிறாள். அதே வேளை எதிரே ஒரு சுற்றுலாக் கூட்டம் உள்ளே அழைத்து வரப்படுகிறது. வழிகாட்டியாக வருபவள் பேரழகி, அவளும் காட்டேறிதான். வந்தவர்கள் கட்டடத்தை வியந்து பார்க்கிறார்கள். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று படுகிறது. கழுத்தில் கிடக்கும் சிலுவையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். சற்று நேரத்தில் அலறல் கேட்கத் தொடங்குகிறது. பெல்லா அழுது குலைகிறாள். பிறகு கதை மீண்டும் அவர்கள் இருவரின் காதலுக்குத் திரும்பிவிடுகிறது.

செபமாலை அணிந்திருந்த அந்தப் பெண் யார்? எந்த ஊரிலிருந்து வந்தாள்? அவள் வீடு திரும்பாதபோது யார் தேடினார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால் 'ட்வைலைட்' வேறு ஒரு நாவலாகிவிடும். காட்டேறிக் காதல் கதைக்கும் காட்டேறித் திகில் கதைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு இரத்தம் கொட்டுகிறது என்பதில் தங்கியிருப்பதாக நான் நினைக்கவில்லை. கதவின் எந்தப் பக்கம் நின்று கதை சொல்லப்படுகிறது என்பதுதான் வித்தியாசம். தெரிவு செய்யப்பட்ட ஒருத்தியின் பக்கம் நின்றால் காட்டேறி ஓர் அழகன், தனிமையில் வாடும் ஒரு சீவன். தெரிவு செய்யப்படாதவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அவன் ஆட்களைத் தின்று உயிர் வாழ்கிறவன்.

2024 டிசம்பரில் ரொபர்ட் எகர்ஸின் 'நொஸ்ஃபெராட்டு' வந்தது. 2025இல் ரயன் கூக்லரின் 'சின்னர்ஸ்' வந்தது. 'ட்வைலைட்' படங்களோடு பாடசாலைக் காலத்தைக் கழித்த என் வயதுக்காரர் பலருக்கு, காட்டேறி மறுபடி பயங்கரமாகிவிட்டது ஒரு புதுமையாகத் தெரிகிறது. உண்மையில் பயங்கரம்தான் முதலில் வந்தது. காதல் வெகு பின்னால் வந்து சேர்ந்தது.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழில் நாம் 'இரத்தக் காட்டேறி' என்கிறோம். நம் ஊர்க் கதைகளில் வரும் காட்டேறிக்கும் ஐரோப்பாவின் 'வம்பயர்' என்பதற்கும் நேரடி உறவு இல்லை. ஒரு மொழிபெயர்ப்பு வசதிக்காக ஒட்டிக்கொண்ட பெயர் அது. எதிர்த்திசையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. விக்கிரமாதித்தன் சுமந்து திரிந்த வேதாளத்தின் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ரிச்சர்ட் பேர்ட்டன், வேதாளத்தை 'வம்பயர்' ஆக்கிவிட்டார். பாவம் வேதாளம், அது கதை சொல்லிப் புதிர் போட்டுக்கொண்டிருந்ததே தவிர யாருடைய இரத்தத்தையும் குடிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் காட்டேறி என்று நான் எழுதுவதெல்லாம் ஐரோப்பியக் கல்லறையிலிருந்து எழுந்து வருகின்ற அந்தப் பிணத்தைத்தான்.

அந்தப் பிணத்துக்கு முதலில் அழகும் இல்லை, கோட்டையும் இல்லை. 1725இல், அப்போது ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த சேர்பியாவின் கிசிலோவா கிராமத்தில், பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்து புதைக்கப்பட்டார். அதன்பின் எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். பீட்டர் இரவில் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகும் தறுவாயில் சொன்னார்களாம். அவருடைய மனைவியோ, கணவன் வந்து தன் செருப்பைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். கிராமத்தவர்கள் பிரேதத்தைத் தோண்டப் போவதாகச் சொன்னபோது பேரரசின் அதிகாரி தயங்கினார். அனுமதிக்காவிட்டால் ஊரைக் காலி செய்வோம் என்று அவர்கள் மிரட்ட, அவரும் கூடப் போனார். கண்டதை அறிக்கையாக எழுதினார்: உடல் அழுகவில்லை, பழைய நகங்கள் விழுந்து புதியவை வந்திருக்கின்றன, வாயில் இரத்தம். ஆணியடித்து எரித்தார்கள். இந்த அறிக்கை வியன்னாவின் பத்திரிகையில் அச்சானது. 1732இல் மெட்வேஜா என்ற இன்னொரு சேர்பியக் கிராமத்திலிருந்து இராணுவ வைத்தியர் ஒருவர் எழுதிய அறிக்கை இலண்டன் பத்திரிகைகள் வரை போனது. ஊடகக் கல்வி படித்தவள் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம். காட்டேறி மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது இலக்கியமாக அல்ல, அரச அறிக்கையாகவும் பத்திரிகைச் செய்தியாகவும்தான்.

அந்த அதிகாரிகள் பொய் எழுதவில்லை என்பதை போல் பார்பர் 1988இல் வெளியிட்ட தன் நூலில் விளக்கினார். பிரேதம் உள்ளே அழுகும்போது வாயு உண்டாகி உடல் ஊதும். நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்தது போல இருக்கும். அந்த அழுத்தம் இரத்தம் கலந்த நீரை வாய் வழியே தள்ளும். மேல்தோல் உரிய, கீழே புதுத்தோல் போல ஒன்று தெரியும். மார்பில் கட்டையை அறையும்போது வாயு தொண்டை வழியே வெளியேறி முனகல் போலக் கேட்கும். பார்த்தவர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள். விளக்கம்தான் அவர்களிடம் இருக்கவில்லை.

இந்தக் கிராமத்துக் காட்டேறி அந்நியர்களைத் தேடிப் போவதில்லை. தன் வீட்டுக்கும் அயலுக்கும்தான் வருகிறது. தொற்றுநோய் ஒரு குடும்பத்தை ஒவ்வொருவராகத் தின்னும்போது, முதலில் செத்தவர் மற்றவர்களையும் இழுக்கிறார் என்று நினைத்தார்கள். இதன் மிகத் துயரமான உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் எக்ஸிட்டர் என்ற ஊரில் ஜோர்ஜ் பிரவுண் என்ற விவசாயி மனைவியையும் மூத்த மகளையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1892 ஜனவரியில் 19 வயது மகள் மேர்சியும் இறந்தாள். மகன் எட்வின் நோயில் கிடந்தான். செத்தவர்களில் யாரோ எட்வினைத் தின்கிறார்கள் என்று அயலவர்கள் நெருக்க, நம்பிக்கை இல்லாமலேயே தகப்பன் சம்மதித்தார். மார்ச் மாதத்தில் பிரேதங்களை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்காலம் முழுவதும் நிலத்துக்கு மேலான பிணவறையில் இருந்த மேர்சியின் உடல் கெடவில்லை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்றும், நுரையீரலில் காசநோயின் அடையாளம் இருப்பதாகவும் பிரேதத்தைத் திறந்த வைத்தியரே சொன்னார். கேட்கவில்லை. இதயத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை ரொபர்ட் கொக் கண்டுபிடித்து அப்போது 10 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நியூ இங்கிலாந்தின் காட்டேறிகள் பற்றிய ஒரு பத்திரிகைத் துண்டு பிராம் ஸ்டோக்கரின் குறிப்புகளுக்குள்ளும் இருந்தது. அவருடைய 'ட்ராகுலா' 1897 மே மாதம் வெளிவந்தது. படங்களில் மட்டும் ட்ராகுலாவைக் கண்டவர்கள் நாவலைத் திறந்தால் ஏமாந்துபோவார்கள். அதில் வருபவர் வெள்ளை மீசை வைத்த கிழவர். உள்ளங்கையில் மயிர், வாயில் துர்நாற்றம். கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி போல இறங்குகிறார்.

நாவலின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு தாய் வருகிறாள். முந்தைய அத்தியாயத்தில் பிரபு ஒரு பையைக் கொண்டுவந்து தன் கோட்டையில் இருக்கும் மூன்று பெண் காட்டேறிகளுக்குப் போட்டிருக்கிறார். பைக்குள் ஒரு குழந்தை. இப்போது அதன் தாய் தலைவிரி கோலமாகக் கோட்டை முற்றத்துக்கு வந்து, தன் பிள்ளையைக் கேட்டுக் கதவில் அடிக்கிறாள். பிரபு ஓநாய்களை அழைக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சத்தம் நின்றுவிடுகிறது. கதையில் அவளுக்குப் பெயர் கூட இல்லை, ஒரு பக்கத்துக்குக் குறைவாகவே வருகிறாள். ஆனாலும் ஸ்டோக்கர் அவளை நம் கண்முன் நிறுத்தாமல் மேலே போகவில்லை. மேலே யன்னலில் நின்று பார்ப்பவன் ஜொனதன் ஹார்க்கர். கைதியாக இருக்கும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நமக்கும் அதே நிலை.

லூசியின் கதை இன்னும் மோசம். நான்கு ஆண்கள் மாறி மாறி இரத்தம் கொடுத்தும் (இரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டது 1901இல்தான் என்பது வேறு விடயம்) அவள் சாவதற்கு வழி திறந்தது அவளுடைய தாயின் அன்புதான். அறையில் உள்ளிப் பூவின் நெடி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துப் பூக்களை அகற்றி, காற்று வரட்டும் என்று யன்னலைத் திறந்துவிடுகிறார் தாய். செத்த பிறகு லூசி இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் சின்னப் பிள்ளைகளைக் கடித்துத் திரிகிறாள். அவளுடைய மார்பில் கட்டையை அறைய வேண்டியவன் அவளைத் திருமணம் செய்ய இருந்தவன். இதற்குள் காதல் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் காதல் செய்ய வேண்டியிருக்கும் வேலைதான் பயங்கரம்.

'ட்ராகுலா' முழுக்க முழுக்க நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள், ஒரு கப்பலின் பதிவேடு என்று கட்டப்பட்ட நாவல். எல்லோரும் எழுதுகிறார்கள். ட்ராகுலா மட்டும் தன் கதையைச் சொல்வதற்கு ஒரு பக்கம் கூடப் பெறவில்லை. அவருக்கு என்ன வலி, என்ன ஏக்கம் என்பது நமக்குத் தெரியாது. கடிபட்டவர்களின் ஆவணங்கள்தான் கையில் இருக்கின்றன. நூற்றாண்டு இறந்த மனைவியின் மறுபிறவியைத் தேடி ட்ராகுலா இலண்டன் வருகிறார் என்ற கதை ஸ்டோக்கருடையது அல்ல. டான் கேர்ட்டிஸின் தொலைக்காட்சிப் படத்தில் அது இருந்தது. 1992இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பொலா அதைப் பெரிதாக்கினார். அந்தப் படத்துக்கு அவர் 'பிராம் ஸ்டோக்கரின் ட்ராகுலா' என்று பெயர் வைத்ததுதான் வேடிக்கை.

காட்டேறிக்கு வாய் கொடுத்தவர் ஆன் ரைஸ். 1976இல் வந்த 'இன்டர்வியூ வித் த வம்பயர்' நாவலில் லூயி என்ற காட்டேறி ஒரு இளைஞனின் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறது. நான் ஏறக்குறைய தினமும் செய்யும் வேலை அது என்பதால் அதன் வலிமை எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் முதல் ஆளாகக் கதைக்கத் தொடங்கினால், அரை மணி நேரத்தில் நாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். ஆனால் ரைஸைப் பின்னால் வந்த காதல் கதைகளோடு சேர்த்துத் தள்ளிவிட நான் தயாரில்லை. அவருடைய மகள் 1972இல் லுக்கீமியாவால், ஆறு வயதாகும் முன்பே இறந்தாள். நாவலில் வரும் க்ளோடியா, என்றைக்குமே வளர முடியாத சிறுமிக் காட்டேறி. அவளைப் படிக்கிறவர் யாரும் அதை ஒரு சுகமான கற்பனை என்று சொல்ல மாட்டார். ரைஸ் துக்கத்தோடு திறந்த வழியால் பின்னால் வந்தவர்கள் துக்கத்தை விட்டுவிட்டு அழகை மட்டும் எடுத்துப்போனார்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1975இல், ஸ்டீபன் கிங் எதிர்த்திசையில் போயிருந்தார். உயர்தரப் பாடசாலையில் 'ட்ராகுலா' கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், ட்ராகுலா இன்றைய அமெரிக்காவுக்கு வந்தால் என்னவாகும் என்று வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது எழுந்த பேச்சிலிருந்து பிறந்த நாவல் 'சேலம்ஸ் லொட்'. மெயின் மாநிலத்தின் ஒரு சிற்றூர். பால் கொடுப்பவர், சவக்குழி தோண்டுபவர், பாடசாலை பஸ் சாரதி, குழந்தையை அடிக்கும் இளம் தாய் என்று ஊரே கதாபாத்திரம். பார்லோ என்ற காட்டேறித் தலைவன் வெகு நேரம் கண்ணிலேயே படுவதில்லை. முதலில் ஒரு சிறுவன் காணாமல் போகிறான். பிறகு அவனுடைய அண்ணன் டானி சாகிறான். ஒரு இரவு டானி, மாடி யன்னலுக்கு வெளியே அந்தரத்தில் மிதந்தபடி, தன்னை உள்ளே விடச் சொல்லி நண்பன் மார்க்கின் கண்ணாடியைச் சுரண்டுகிறான். அந்த இளம் தாயின் குழந்தையும் இறக்கிறது. அவள் செத்த பிள்ளைக்கு உணவூட்டப் பார்க்கும் பக்கத்தை நான் இரண்டாம் தடவை வாசிக்கவில்லை.

கிங் நாவலில் ஊர் அழிவது சத்தமாக அல்ல. வீடுகளில் பகலிலும் திரைச்சீலை இழுத்து விடப்பட்டிருக்கும். தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள். கடை திறக்காது. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குச் சுகமில்லையாக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேர்பியக் கிராமத்து விதிதான் இங்கும்: உன்னிடம் வருவது உனக்குத் தெரிந்தவர்.

ரிச்சர்ட் மதீசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' இதற்கு முன்னோடி. உலகமே காட்டேறிகளாகிவிட, தனித்து மிஞ்சிய ரொபர்ட் நெவிலின் வீட்டு வாசலில் ஒவ்வொரு இரவும் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பழைய அயலவன். ஆனால் மதீசன் கணக்கைக் கடைசியில் புரட்டிப் போடுகிறார். பகலில் தூங்கும் உடல்களுக்கு நெவில் அறைந்து திரிந்த கட்டைகளை மறுபக்கத்தில் யாரோ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

காதலையும் பயங்கரத்தையும் ஒன்றாக வைத்து இரண்டையும் பொய்யாக்காமல் எழுத முடியாதா? முடியும் என்பதற்கு சுவீடனின் ஜோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய 'லெட் த ரைட் வன் இன்' சாட்சி. 1981, ஸ்டொக்ஹோமின் புறநகரான பிளாக்கபேர்க். பாடசாலையில் வதைபடும் 12 வயது ஒஸ்கார், பக்கத்து வீட்டுக்கு வந்த ஏலியோடு நட்பாகிறான். ஏலிக்கும் 12 வயதுதான், இருநூறு வருடங்களுக்கு மேலாக. இந்த நட்பு மென்மையானது, நம்பக்கூடியது. ஆனால் ஏலி பாலத்தின் கீழ் கொன்ற ஜொக்கே என்ற குடிகாரனுக்கும் கதையில் இடம் உண்டு. அவனுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். வேலையில்லாமல் ஒரு சீன உணவகத்தில் குந்தியிருக்கும் ஆட்கள். அவர்களில் லாக்கே என்பவன் விடாமல் தேடுகிறான். யாருக்கும் தேவைப்படாத ஒருவனைத் தேட யாரோ ஒருவர் இருக்கிறார். இதே நாவலின் 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், கடிபட்டு மாறத் தொடங்கும் வேர்ஜினியா வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி யன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்கிறாள், என்ன நடக்கும் என்று தெரிந்தே. 'ட்வைலைட்'டின் முதல் படம் வந்ததும் அதே 2008இல்தான்.

யாரைக் கணக்கில் எடுக்கிறோம் என்ற கேள்வியை மிக வெளிப்படையாகக் கேட்ட நாவல் கிரேடி ஹென்ட்ரிக்ஸின் 'த சதேர்ன் புக் கிளப்ஸ் கைட் டு ஸ்லேயிங் வம்பயர்ஸ்' (2020). பெயரைப் பார்த்து நகைச்சுவை என்று நம்பி வாங்கினேன். 1990கள், தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகருக்கு அருகில் வசதியான வெள்ளையினக் குடும்பங்கள். புத்தகம் வாசிக்கக் கூடும் இல்லத்தரசிகள். ஜேம்ஸ் ஹரிஸ் என்ற கவர்ச்சியான ஆள் அயலுக்குக் குடிவருகிறான். பட்ரீஷியா என்ற இல்லத்தரசிக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் அதற்கு முன்பே, சிக்ஸ் மைல் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பில் பிள்ளைகள் சாகத் தொடங்கிவிட்டார்கள். பட்ரீஷியாவின் மாமியாரைப் பராமரிக்க வரும் கிறீன் அம்மையார் அதைச் சொல்கிறார். பொலிஸ் கணக்கெடுக்கவில்லை. பட்ரீஷியா பேசியபோது அவளுடைய வைத்தியக் கணவனே அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறான். மற்றப் பெண்களும் பின்வாங்குகிறார்கள். கணவன்மார் ஹரிஸின் காணி வியாபாரத்தில் பணம் போட்டிருக்கிறார்கள். அதில் பிள்ளைகளின் படிப்புச் செலவு தொங்குகிறது.

இங்கே நாவல் மூன்று வருடங்களைத் தாண்டுகிறது. இந்த மூன்று வருடங்களும் ஹரிஸ் எல்லோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறான், சிக்ஸ் மைலில் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பட்ரீஷியா மறுபடி அசைவது ஆபத்து தன் வீட்டுப் பிள்ளைகள் வரை வந்த பிறகு. கிறீன் அம்மையார் அதை அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறார். புத்தகத்தில் எலிகளும் கரப்பானும் வரும் குமட்டும் காட்சிகள் உண்டு. எனக்கு அவற்றை விட இந்த உரையாடல்தான் தாங்கமுடியாமல் இருந்தது.

'சின்னர்ஸ்' படத்தின் 1932ஆம் ஆண்டு மிசிசிப்பியிலும் கதவு ஒன்று இருக்கிறது. உள்ளே பாட்டும் ஆட்டமும். வெளியே நிற்பவர்கள் இசையைப் புகழ்கிறார்கள், சகோதரத்துவம் பேசுகிறார்கள், உள்ளே விடுங்கள் என்கிறார்கள். கடிபட்ட ஒவ்வொருவருடைய நினைவும் அவர்களின் தலைவனுக்குச் சொந்தமாகிவிடுவதால், உள்ளே இருக்கும் சீனக் கடைக்காரப் பெண்ணிடம் அவன் அவள் கணவனின் மொழியிலேயே பேசி, மகளைச் சொல்லி மிரட்டுகிறான். யன்னலைச் சுரண்டிய டானியின் அதே தந்திரம், இன்னும் கொடூரமாக.

இந்த வகையில் ஒன்றையும் வாசிக்காதவர்கள் 'ட்ராகுலா'விலேயே தொடங்கலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் வாசிக்க நேரமில்லாவிட்டால் கோட்டையில் நடக்கும் முதல் நான்கு அத்தியாயங்களும், ஏழாம் அத்தியாயத்தில் வரும் 'டிமீட்டர்' கப்பலின் பதிவேடும் போதும். மாலுமிகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வர, கடைசியில் சுக்கானோடு தன் கைகளைக் கட்டிக்கொண்ட கப்பல் தலைவர், காணாமல் போனவர்களை ஒருவர் விடாமல் திகதி போட்டு எழுதி வைத்திருப்பார்.